யூதர்களோட வேத நூலான தோராவுல கறிக்கு அனுமதி இருக்கே, அப்புறம் ஏன் சில யூதர்கள் மதத்தைச் சொல்லி வீகன் ஆகறாங்க?

ரெஹோவோத்_போஸ்ட்டாக் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இஸ்ரேல்ல ரெஹோவோத்ல ஒரு லேப்ல போஸ்ட்டாக்கா இருக்கேன், வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, இங்க இருக்கற மத விஷயமெல்லாம் இப்பத்தான் ஒண்ணொண்ணா புரிய ஆரம்பிச்சிருக்கு. எனக்குப் பக்கத்து பெஞ்ச்ல வேலை பாக்கறவங்க ரொம்ப பக்தி உள்ளவங்க, ஷபாத்தை (வெள்ளி சாயங்காலத்துலேர்ந்து சனி வரைக்கும் உள்ள ஓய்வுநாள்) முழுசா கடைப்பிடிக்கறாங்க, வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பிடுவாங்க. அவங்க முழு வீகன், பால் முட்டை தேன் எதுவும் கிடையாது. உடம்புக்காகன்னோ சுற்றுச்சூழலுக்காகன்னோ சொல்வாங்கன்னு நெனச்சு ஏன்னு கேட்டேன், "தோராதான் காரணம்"னுட்டாங்க.

அதே லேப்ல இன்னொருத்தர், கிப்பா (யூத ஆண்களோட சின்னத் தொப்பி) போட்டவர், அவரும் பக்தியில இவங்களுக்குக் குறைஞ்சவர் இல்ல. அவர் என்ன சொல்றார்னா தோராவே கறிக்கு அனுமதி குடுத்திருக்கு, பண்டிகைக்கும் ஷபாத்துக்கும் கறியும் ஒயினும் இருந்தாத்தான் சந்தோஷம், கடவுள் ஆகும்னு சொன்னதை நாம ஆகாதுன்னு சொன்னா அவரைவிட இரக்கம் நமக்குத்தான் ஜாஸ்தின்னு சொல்ற மாதிரி ஆயிடும்னு. ரெண்டு பேரும் சண்டையெல்லாம் போடறதில்ல, மதியம் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடறாங்க, ஆனா யார் பக்கம் மூல நூல் இருக்குன்னு எனக்குப் பிடிபடவே இல்ல.

இன்னொரு விஷயம், அந்த வீகன் தோழி என்னை இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி ஷபாத் விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. நானே ஏதாவது சமைச்சு எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன். கறியும் இல்ல பாலும் இல்லன்னா அது தானாவே கோஷர்தானே, அதாவது யூத உணவுச் சட்டத்துக்கு ஏத்ததுதானே? அவங்களுக்கு ஒரு சின்னக் குழந்தை வேற இருக்கு, அதையும் இப்படித்தான் வளக்கறாங்க, அது சரியா வருமான்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எருசலேம்_படிப்பாளி:

ரெண்டு பேருமே தோராவுக்குள்ள நின்னுதான் பேசறாங்க. இது பக்திக்காரர், இது நவீனக்காரர்னு பிரிச்சுட்டா விஷயமே கைவிட்டுப் போயிடும், அதான் இதை முதல்ல சொல்றேன்.

ஆதியாகமம் 1:29 எடுத்துப் பாருங்க. மனுஷனைப் படைச்ச கையோட அவனுக்குச் சாப்பாடா குடுக்கப்படறது விதை தர்ற செடியும் பழம் தர்ற மரமும்தான், அடுத்த வசனத்துல மிருகங்களுக்கும் பச்சைத் தழைதான். இது இன்னைக்கு வீகன்கள் இழுத்துப் பிடிச்சுச் சொல்ற அர்த்தம் கிடையாது, யூத மதகுருக்களான ரப்பிகளோட பழைய விவாதத் தொகுப்பான தல்மூத்ல சன்ஹெட்ரின் பகுதியிலயே ஆதாமுக்குக் கறி அனுமதிக்கப்படலைன்னு நேரடியா இருக்கு. அனுமதி எப்போ வருதுன்னா ஜலப்பிரளயத்துக்கு அப்புறம், 9:3ல, நோவாவுக்கு. உலகம் முழுக்க வன்முறை பெருகி அழிஞ்சு மறுபடி ஆரம்பிக்கற இடத்துல அது வருது, வந்த அடுத்த வசனத்துலயே கட்டுப்பாடும் வருது, உயிரா இருக்கற ரத்தத்தோட சாப்பிடக்கூடாதுன்னு. உயிரோட இருக்கற பிராணியிலேர்ந்து உறுப்பை அறுத்துச் சாப்பிடக்கூடாதுங்கறது யூதர்களுக்கு மட்டும் இல்ல, மனுஷகுலம் முழுக்கவே பொருந்தற நோவாவோட ஏழு சட்டங்கள்ல ஒண்ணு.

அதுக்கப்புறம் வர்ற சட்டங்களை வரிசையா படிச்சீங்கன்னா ஒவ்வொண்ணும் அந்த அனுமதிக்கு வேலி போட்டுக்கிட்டே போகுது. தாயையும் குட்டியையும் ஒரே நாள்ல அறுக்கக்கூடாது (லேவியராகமம் 22:28), கூட்டுல குஞ்சோ முட்டையோ எடுக்கணும்னா தாய்ப்பறவையைத் துரத்திட்டுத்தான் எடுக்கணும் (உபாகமம் 22), போரடிக்கற மாட்டுக்கு வாய்க்கூடை போடக்கூடாது (25:4), மாட்டையும் கழுதையையும் ஒண்ணாப் பூட்டி உழக்கூடாது, சுமை தாங்காம விழுந்து கிடக்கற கழுதை உன்னோட பகையாளியோடதா இருந்தாலும் நின்னு உதவணும். ஓய்வுநாள் சட்டத்துல மாடும் கழுதையும் பேர் சொல்லி வருது. வளக்கற பிராணிக்குத் தீனி போடாம நீ சாப்பிட உக்காராதேன்னு தல்மூத் சொல்லுது. இது மொத்தத்துக்கும் யூத மதச் சட்டமான ஹலாகாவுல இருக்கற பேரு ட்சார் பஆலே ஹாயிம், உயிர்களுக்குத் தேவையில்லாம நோவு குடுக்கறதுக்குத் தடை. இது தோராவே போட்ட தடையா, ரப்பிகள் பின்னாடி போட்டதான்னு தல்மூத்ல (பாவா மெட்சியா 32பி) வாதம் ஓடுது, பெரும்பாலான சட்ட அறிஞர்கள் தோராவே போட்டதுன்னுதான் எடுத்துக்கறாங்க.

இப்போ ரப்பி யெகூதா ஹநாசியோட கதை. இது தெரிஞ்சாத்தான் உங்க தோழி சொல்றதுல இருக்கற கனம் புரியும். தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாவைத் தொகுத்த பெரிய மனுஷர், கி.பி. 200 வாக்குல இருந்தவர், இவரைவிடப் பெரிய அதிகாரம் யூத மரபுல தேடறது கஷ்டம். அறுக்கக் கொண்டுபோற ஒரு கன்னுக்குட்டி ஓடி வந்து இவர் அங்கிக்குள்ள தலையை நுழைச்சுக்கிட்டு அழுதிருக்கு. இவர் "போ, இதுக்காகத்தானே நீ படைக்கப்பட்டே"ன்னுட்டார். இவர்கிட்ட இரக்கம் இல்ல, அதனால நோவு வரட்டும்னு மேலே தீர்ப்பாச்சு, 13 வருஷம் வேதனையில கிடந்தார். ஒருநாள் வீட்டு வேலைக்காரி பெருக்கும்போது சின்ன மரநாய்க் குட்டிங்களையும் சேத்துத் தள்ளப் பாத்தா, இவர் "விடு, அவருடைய இரக்கம் அவர் படைச்ச எல்லாத்து மேலயும் இருக்குன்னு எழுதியிருக்கே"ன்னு சங்கீதம் 145ஐச் சொல்லித் தடுத்தார், அப்பத்தான் நோவு போச்சு. பாவா மெட்சியா 85ஏல இருக்கு. இதுல கவனிக்க வேண்டியது, கன்னுக்குட்டியை அறுத்தது தப்புன்னு கதையில யாரும் சொல்லலை. அவர் சொன்ன வாக்கியம் சட்டப்படி தப்பும் இல்ல. ஆனா அதுக்குத்தான் 13 வருஷம். சட்டத்துல ஆகும்னு இருக்கறதால மட்டும் உன் கணக்கு நேராயிடாதுன்னு தல்மூத்தே காட்டற இடம் இது, நான் எத்தனை தடவை படிச்சாலும் நின்னுட்டுத்தான் தாண்டுவேன்.

இதை ஒரு முழுச் சிந்தனையா வளத்தவர் ரப்பி ஆபிரகாம் ஐசக் கூக் (1865-1935). 1921ல பாலஸ்தீனத்தோட முதல் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) தலைமை ரப்பியா வந்தவர். கறிக்கான அனுமதி மனுஷன் தாழ்ந்துபோன காலத்துக்குக் குடுத்த தற்காலிகச் சலுகை, ஏசாயா 11ல சிங்கம் வைக்கோல் தின்னுங்கற காலத்துல அது முடிஞ்சுடும், அதுவரைக்கும் ரத்தத்தை மண்ணால மூடணும், பாலையும் கறியையும் சேக்கக்கூடாதுங்கற கட்டளைங்க மனுஷனோட மனசாட்சியைத் தூங்கவிடாம வச்சிருக்கற ஏற்பாடுன்னு சொன்னார். ஆனா அவரே முழு சைவம் இல்ல. மனுஷனை மனுஷன் மிதிக்கறது நிக்காதப்போ மிருகத்து மேல மட்டும் பெரிய ஒழுக்கம் பேசறது கோளாறுல முடியும்னு எச்சரிச்சவரும் அவர்தான். உங்க கிப்பா நண்பர் கூக்கை எடுத்து வச்சே தன் பக்கத்தைப் பேசலாம். கூக்கோட எழுத்தைத் தொகுத்த சீடர் ரப்பி டேவிட் கோஹன் சைவம், அவர் மகன் ஹைஃபாவோட தலைமை ரப்பியா இருந்த ஷெஆர் யாஷுவ் கோஹனும் சைவம். 1973லேர்ந்து 1983 வரைக்கும் இஸ்ரேலோட அஷ்கெனாசி தலைமை ரப்பியா இருந்த ஷ்லோமோ கோரெனும் சைவம்தான், அதனால இது ஏதோ ஓரத்துல நாலு பேர் பேசற விஷயம்னு நெனைக்காதீங்க.

ஹைஃபா_கார்த்தி:

படிப்பாளி அண்ணன் மூல நூலைப் பாத்துக்கிட்டார், நான் விருந்து விஷயத்துக்கு வர்றேன். தயவுசெஞ்சு சமைச்சு எடுத்துட்டுப் போகாதீங்க! வீகன்னா தானா கோஷர்ங்கறது பாதிதான் சரி. பால்-கறி பிரச்சினை இல்லாம பார்வே (பால்லயும் சேராது, கறியிலயும் சேராது) ஆயிடும், அது வரைக்கும் நிம்மதி. ஆனா நீங்க சமைச்ச பாத்திரம், அடுப்பு, சமைச்ச ஆள் யூதரா இல்லையா, இது எல்லாத்துக்கும் சட்டம் இருக்கு, உங்க பாத்திரத்துல முன்னாடி என்ன வெந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது, உங்க முகத்துக்காக வாங்கிக்கிட்டு சாப்பிடவும் முடியாம தூக்கிப்போடவும் மனசு வராம அவங்க முழிக்கணும்.

காய்கறியிலயே எவ்வளவு இருக்கு தெரியுமா. பூச்சி சாப்பிடறது தோராவுல நேரடித் தடை, அதனால கீரைதான் இங்க ரொம்பக் கஷ்டமான சாப்பாடு. எங்க மாடியில இருக்கற ஒரு பாட்டி லெட்டூஸ் கழுவறதை நின்னு பாத்திருக்கேன், இலையை ஒண்ணொண்ணா பிரிச்சு, சோப்பு நாலு சொட்டு விட்ட தண்ணியில ஊறப்போட்டு, அலசி, அப்புறம் ஒவ்வொரு இலையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு நரம்பு ஓரமா விரலை ஓட்டிப் பாப்பாங்க, அசுவினி ஒண்ணு ஒட்டியிருந்தாலும் மறுபடி தண்ணிக்குள்ள. காலிஃபிளவர், பெர்ரி, அத்திப்பழம் எல்லாத்துக்கும் ஒவ்வொரு முறை இருக்கு. அதுக்கு மேல மரம் நட்டு முதல் மூணு வருஷத்துப் பழம் சாப்பிடக்கூடாது, இஸ்ரேல் மண்ணுல விளைஞ்சதுக்குத் தசமபாகம் பிரிச்சிருக்கணும், ஏழாவது வருஷம் நிலத்துக்கு ஓய்வு, கடைசியா வந்த ஓய்வு வருஷம் 2021-22. இதெல்லாம் செடி கொடிக்கு மட்டுமே உள்ள சட்டம், கறிக்கடைக்காரருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

ஒயின் வாங்கிட்டுப் போறதுன்னா கோஷர் முத்திரை பாத்து சீல் பிரிக்காம குடுங்க, மெவுஷால்னு போட்ட பாட்டிலா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா அது சூடுபடுத்தின ஒயின், யூதர் இல்லாதவங்க கைபட்டாலும் பிரச்சினை இல்ல. மத்த ஒயினை நீங்களா தொறந்து ஊத்தினா அவங்க குடிக்க முடியாது. உதவி பண்றேன்னு பாட்டிலைத் தூக்கிடாதீங்க, அவ்வளவுதான்.

அப்புறம் பெசாக் (பஸ்கா பண்டிகை) சமயத்துல உங்க தோழியைப் பாத்தீங்கன்னா பாவமா இருக்கும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் இந்த அஞ்சும் புளிக்கற தானியம்னு மட்ஸாங்கற புளிக்காத ரொட்டியைத் தவிர தடை, அதனால கோதுமைப் புரதத்துல கறி மாதிரி பண்ற செய்டனும் போச்சு. அஷ்கெனாசியா இருந்தா அதோட சேந்து கித்னியோத் வழக்கப்படி அரிசி, பருப்பு, பீன்ஸ், சோளம், சோயா எல்லாமே கிடையாது. ஒரு வீகன் புரதத்துக்கு எங்க போவாங்க? உருளைக்கிழங்கு, கொட்டை வகை, நிறைய பேர் ஒத்துக்கற கீன்வா, இதை வச்சே ஓட்டணும். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா வழி வந்த செபார்தி குடும்பங்கள்ல பெரும்பாலும் இந்தத் தடை இல்ல. அமெரிக்காவுல கன்சர்வேடிவ் பிரிவு 2015ல அஷ்கெனாசிகளும் கித்னியோத் சாப்பிடலாம்னு முடிவு பண்ணாங்க, ஆனா இங்க ஆர்த்தடாக்ஸ்காரங்க அதை ஏத்துக்கறதில்ல.

ரெஹோவோத்_போஸ்ட்டாக்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், சமைக்கற எண்ணத்தை விட்டுட்டேன். ஆனா கறி இல்லாம பண்டிகைக்குச் சந்தோஷம் இல்லைங்கறதும் தல்மூத்லதான் இருக்காமே, அதுக்கு இவங்க என்ன பதில் சொல்வாங்க? பெசாக் ராத்திரி விருந்துத் தட்டுல எலும்புத்துண்டு வைக்கணுமாம், அதுக்கு வீகன் வீட்ல என்ன பண்ணுவாங்க?

எருசலேம்_படிப்பாளி:

அந்த வரியை முழுசா படிச்சா பதில் அங்கயே கிடைக்கும். பெசாஹிம் 109ஏ: எருசலேம் ஆலயம் இருந்த காலத்துல கறி இல்லாம சந்தோஷம் இல்ல, இப்போ ஆலயம் இல்லாததால சந்தோஷம் ஒயின்ல. அந்தக் கறி பலி குடுத்த கறி, கடையில வாங்கினது இல்ல. இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் மாதிரி பெரியவங்க இன்னிக்கும் பண்டிகைக்குக் கறி வேணும்னு எழுதியிருக்காங்க, அதை மறைக்க வேண்டியதில்ல, உங்க நண்பருக்கு அது உறுதியான ஆதாரம்தான். ஷபாத்தை எதால இன்பமாக்கறதுன்னு கேட்டா தல்மூத் (ஷபாத் 118பி) சொல்றது பீட்ரூட் கீரைக் குழம்பு, பெரிய மீன், பூண்டு. அங்க கறியைக் காணோம். சாப்பாட்டுல இன்பம் இருக்கணுங்கறதுதான் கடமை, கறியைப் பாத்தாலே மனசு கஷ்டப்படற ஆளைக் கட்டாயப்படுத்தி ஊட்டறது கடமை இல்லன்னுதான் சட்டம் எழுதினவங்க பலர் எடுத்துக்கறாங்க.

பெசாக் தட்டுக்கு வழி தல்மூத்லயே இருக்கு, அதே பெசாஹிம் 114பி. ரெண்டு சமைச்ச பதார்த்தம் வைக்கணும்னு மிஷ்னா சொல்லுது, எது ரெண்டுன்னு கேக்கறப்போ ரவ் ஹூனா சொல்றது பீட்ரூட்டும் அரிசியும். அதனால எலும்புக்குப் பதிலா வேக வச்ச பீட்ரூட்டைத் தட்டுல வைக்கற குடும்பங்கள் இருக்கு, யாரும் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. நான் ஒரு வீட்ல பாத்தேன், வெள்ளைப் பீங்கான் தட்டு, சிவப்புச் சாறு ஓடி மட்ஸா துணி வரைக்கும் ஊறிடுச்சு, அந்த வீட்டுத் தாத்தா அதைத் துடைக்கவிடாம பேரப்பசங்களுக்கு ரவ் ஹூனா பேரைச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தார்.

நித்யா_டயட்டீஷியன்:

மதப் பக்கம் எனக்கு அவ்வளவு தெரியாது, உடம்பு பக்கம் சொல்றேன். நல்லாத் திட்டம் போட்டுச் சாப்பிட்டா வீகன் உணவு பெரியவங்களுக்கு ஆரோக்கியமானதுதான், இதை அமெரிக்காவோட உணவியல் நிபுணர்கள் அமைப்பே சொல்லுது. நார்ச்சத்து அதிகம், நிறைவுற்ற கொழுப்பு கம்மி, கொலஸ்ட்ரால் இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015ல சாசேஜ், சலாமி மாதிரி பதப்படுத்தின கறியைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல போட்டாங்க, மாடு ஆடு மாதிரி சிவப்புக் கறியை "அநேகமா உண்டாக்கலாம்"ங்கற பிரிவுல. கோஷர் சலாமின்னாலும் உடம்புக்கு ஒண்ணுதான்.

ஆனா "திட்டம் போட்டு"ங்கற வார்த்தையை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க, எனக்குக் கவலையே அங்கதான். பி12 செடியில கிடையாது. கிடையவே கிடையாது. பெரியவங்களுக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 2.6, பால் குடுக்கற அம்மாவுக்கு 2.8, இதை மாத்திரையிலயோ பி12 சேத்த உணவுலயோ எடுத்தே ஆகணும். உடம்புல ஏற்கெனவே சேந்திருக்கறது தீர வருஷக்கணக்காகும், அதனால ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது, அதுவும் கீரையும் பருப்புமா ஃபோலேட் நிறைய போனா ரத்தசோகை வெளியில தெரியாமலே நரம்பு கெட ஆரம்பிச்சுடும், கை கால் மரத்துப்போறது, மறதி, நடை தடுமாறறது. அப்புறம் சரிபண்ணாலும் முழுசா திரும்பாது. அதோட இரும்புச்சத்து இருக்கற பருப்பு கீரையை எலுமிச்சை, குடமிளகாய் மாதிரி வைட்டமின் சி உள்ளதோட சாப்பிடணும், சாப்பிட்ட கையோட டீ காபி குடிக்கக்கூடாது. அயோடின், கால்சியம், வைட்டமின் டி இதையும் பாத்துக்கணும்.

உங்க தோழி மாதிரி கோஷரும் வீகனும் சேந்தவங்களுக்கு மாத்திரை வாங்கறதே தனி வேலை. கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டு எலும்பு, பன்னித்தோல் இதுலேர்ந்து வர்றது, ரெண்டு வகையிலயும் ஆகாது. வைட்டமின் டி3 வழக்கமா ஆட்டு ரோமத்துல இருக்கற மெழுகுலேர்ந்து எடுக்கறது, வீகனுக்கு லைக்கன்லேர்ந்து (கற்பாசி) எடுத்ததுன்னு போட்டிருக்கணும். ஒமேகா-3 மீன் எண்ணெய்க்குப் பதிலா பாசி எண்ணெய். பி12ல அந்தப் பிரச்சினை இல்ல, அது பாக்டீரியாவை வளத்து எடுக்கறது.

குழந்தை விஷயம், இதை மட்டும் கண்டிப்பா அவங்ககிட்ட பேசுங்க. தாய்ப்பால் குடிக்கற குழந்தைன்னா அம்மாவோட பி12தான் குழந்தையோட பி12. தாய்ப்பால் இல்லன்னா குழந்தைகளுக்குன்னே தயாரிச்ச சோயா ஃபார்முலா, வேற எந்தச் செடிப் பாலும் ஒரு வயசுக்குள்ள அதுக்கு ஈடாகாது, பாதாம் பால் ஓட்ஸ் பால் குடுத்து வளக்கறேன்னு இறங்கவே கூடாது. இஸ்ரேல்லயே 2003ல ஒரு சோயா ஃபார்முலாவுல வைட்டமின் பி1 இல்லாம போய் சில குழந்தைங்க இறந்தாங்க, இன்னும் சிலருக்கு மூளையும் நரம்பும் நிரந்தரமா பாதிச்சது.  சோயாவோட குத்தம் இல்ல அது, தயாரிப்புல நடந்த தப்பு, ஆனா பச்சைக்குழந்தைக்கு ஒரே ஒரு சத்து விட்டுப்போனா எவ்வளவு சீக்கிரம் கைமீறிப் போகும்னு அதுல தெரிஞ்சது. குழந்தை டாக்டர்கிட்ட வீகன்னு மறைக்காம சொல்லி ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிட்டே இருக்கணும்.

எருசலேம்_படிப்பாளி:

நித்யா அம்மா சொன்னதோட ஹலாகாவும் முழுசா ஒத்துப்போகுது. உங்க உயிரை ரொம்பக் கவனமா காத்துக்கோங்கன்னு உபாகமம் 4ஐ வச்சு உடம்பைப் பாத்துக்கறதையே கட்டளையா எடுத்துக்கறாங்க. உயிருக்கு ஆபத்துன்னா ஷபாத்தையே மீறலாம், மீறியே ஆகணும். அதனால பி12 எடுக்காம பக்தியா வீகனா இருக்கேன்னு ஒருத்தர் சொன்னா அது பக்தியில சேராது. தானியேல் 1ஆம் அதிகாரத்தை இவங்க விரும்பிச் சொல்வாங்க, ராஜாவோட சாப்பாட்டைத் தொடாம பருப்பும் தண்ணியுமா பத்து நாள் இருந்து மத்தவங்களைவிடத் தெளிவா இருந்தாங்கன்னு. அழகான இடம்தான், ஆனா பத்து நாளை வச்சு வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டுத் திட்டம் போட முடியாது.

பரணி:

படிச்சுக்கிட்டே வந்தேன், ஒரு சந்தேகம், மனசுல பட்டதைக் கேக்கறேன். இவ்வளவு இரக்கம் இருக்குன்னா மயக்கம் குடுக்காம கழுத்தை அறுக்கற ஷெஹிட்டாவை ஏன் விடமாட்டேங்கறாங்க? தோரா சுருளே தோல், ஜெபத்துல கட்டிக்கற தெஃபிலின் பெட்டி தோல், பண்டிகைக்கு ஊதற ஷோஃபார் கொம்பு. தினமும் மூணு வேளை ஆலயம் திரும்பக் கட்டப்படணும்னு ஜெபம் பண்றாங்க, ஆலயம்னா பலிதானே. ஒரு வீகன் மனசார எப்படி அந்த ஜெபத்தைச் சொல்ல முடியும்?

எருசலேம்_படிப்பாளி:

பரணி, கேக்க வேண்டிய கேள்வி. யூத வீகன்களே தங்களுக்குள்ள கேட்டுக்கறதும் இதைத்தான்.

ஷெஹிட்டாவுல கத்தியை விரல் நுனியிலயும் நகத்துலயும் முனை முதல் அடி வரைக்கும் ஓட்டிப் பாப்பாங்க, முடியளவு பல் தட்டினாலும் அந்தக் கத்தி ஆகாது, அறுத்தப்புறம் பல் இருந்தது தெரிஞ்சா கறியே ஆகாது. நோவு குறையணுங்கற எண்ணம் அந்தக் காலத்துக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போயிருக்கு. மயக்கம் குடுக்கணுமா வேண்டாமாங்கற சர்ச்சை ஐரோப்பாவுல பெருசா ஓடுது, ஆனா நான் பேசின வீகன் ரப்பிகள் பெருசா சொல்றது அந்தக் கடைசி நிமிஷத்தைப் பத்தி இல்ல. அதுக்கு முன்னாடி அந்தப் பிராணி வாழ்ந்த வாழ்க்கையைப் பத்தி. திரும்பக்கூட இடமில்லாத கூண்டு, பொரிஞ்ச அன்னிக்கே கொல்லப்படற சேவல் குஞ்சு, பொறந்த உடனே தாய்கிட்டேர்ந்து பிரிக்கற கன்னு, வாரக்கணக்கா கப்பல்ல அடைச்சுக் கொண்டு வர்ற ஆடு மாடு. கத்தி கோஷரா இருந்தா இதெல்லாம் எப்படி கோஷர் ஆகும்னு கேக்கறாங்க. இது வீகன்களோட கேள்வி மட்டும் இல்ல. 20ஆம் நூற்றாண்டுல பெரிய ஹலாகா அதிகாரியா மதிக்கப்பட்ட ரப்பி மோஷே ஃபைன்ஸ்டீன், அவர் சைவம் கிடையாது, கறி வெள்ளையா வரணும்னு கன்னுக்குட்டியை நெருக்கமா கட்டிப்போட்டுச் சத்தில்லாத தீனி குடுத்து வளக்கறது தடைன்னு எழுதியிருக்கார், மனுஷனுக்குப் பிராணியைப் பயன்படுத்த உரிமை இருக்கு, ஆனா வெறும் லாபத்துக்காக எந்த வேதனையும் குடுக்கலாம்னு ஆகாதுன்னு. வாத்துக்கு வலுக்கட்டாயமா குழாயில தீனி திணிச்சு ஈரல் எடுக்கறதை இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2003ல சட்டவிரோதம்னு சொன்னப்போ, இந்த நாடு அந்த ஈரல் உற்பத்தியில உலகத்துல முன்வரிசையில இருந்தது. பாவம் போகணும்னு கபாரோத்துக்குக் கோழியைத் தலைக்கு மேல சுத்தற வழக்கத்தை ஷுல்ஹான் ஆருக்ங்கற சட்ட நூல் எழுதின யோசேஃப் காரோவே 16ஆம் நூற்றாண்டுல வேண்டாம்னார், இன்னிக்கு நிறைய பேர் காசைச் சுத்தி ஏழைக்குக் குடுத்துடறாங்க.

தோல் விஷயம், கோஷர் இனத்தோட தோலா இருக்கணும்ங்கறதுதான் சட்டம், அதுக்குன்னு அறுத்திருக்கணும்னு இல்ல. தானா செத்த மாட்டோட தோல்லயும் தெஃபிலினுக்குள்ள வைக்கற வசனத்தை எழுதலாம்னு தல்மூத்லயே (ஷபாத் 108ஏ) இருக்கு, அப்படித் தேடி வாங்கிக் கட்டிக்கற வீகன்கள் இருக்காங்க. இன்னொண்ணு, யாராவது புதுத்துணி போட்டா கிழியக் கிழியப் புதுசு உடுத்துன்னு வாழ்த்தற பழக்கம் உண்டு, அதைத் தோல் செருப்புக்குச் சொல்லாதீங்க, இன்னொரு பிராணி சாகணுமேன்னு போலந்துல கிராக்கூவ்ல இருந்த ரெமாங்கற ரப்பி 16ஆம் நூற்றாண்டுலயே பதிவு பண்ணியிருக்கார். காரணம் பலவீனமானதுன்னு அவரே சொல்றார், ஆனாலும் ஜனங்க சொல்றதில்லைன்னு எழுதி வச்சார். சட்டம் கேக்காத இடத்துலயும் கூச்சம் இருந்திருக்கு.

பலி பத்தி எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கற பதில் கிடையாது. மைமோனிடிஸ் தத்துவ நூல்ல பலி அந்தக் காலத்து மனுஷன் பழக்கத்துக்காகக் குடுத்த இடம்னு சொல்றார், அவரே சட்ட நூல்ல மேசியா வந்தா பலி திரும்ப நடக்கும்னு எழுதறார். வருங்காலத்துல நன்றிக் காணிக்கை தவிர எல்லா பலியும் நின்னுடும்னு ஒரு மித்ராஷ் (ரப்பிகளோட வேத விளக்கம்) இருக்கு. உங்க கேள்வியை நான் ஒரு வீகன் நண்பர்கிட்டயே கேட்டேன், வரப்போற ஆலயத்துல என்ன நடக்கணும்னு முடிவு பண்றது என் வேலை இல்ல, இன்னிக்கு என் தட்டுல என்ன வரணுங்கறது என் வேலைன்னார். அதுக்கு மேல அவரை நான் நெருக்கலை, எனக்கு அந்தப் பதில்ல நேர்மை இருந்தது.

ஹைஃபா_கார்த்தி:

இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்தப் பேச்சே மாறலாம். செல்லை வளத்துப் பண்ற மாட்டுக்கறி ஒண்ணுக்கு 2024 ஜனவரியில இஸ்ரேல் சுகாதார அமைச்சகம் அனுமதி குடுத்தது, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அப்போ தலைமை ரப்பியா இருந்த டேவிட் லாவ் அது கறியே இல்ல, பார்வேன்னு தீர்ப்பு குடுத்துட்டார். ஆனா வெளியில பாக்கறவங்க தப்பா நெனைக்கக்கூடாதுங்கறதும் ஒரு சட்டம், அந்த ரெமாவே கறியோட பாதாம் பால் பரிமாறினா பக்கத்துல பாதாமையும் வைங்கன்னு சொன்னவர். செடிப் பாலுக்கு 16ஆம் நூற்றாண்டுலயே சட்டம்!

ரெஹோவோத்_போஸ்ட்டாக்:

இவ்வளவு கிடைக்கும்னு எதிர்பாக்கலை, எல்லாருக்கும் நன்றி. நித்யா அம்மா சொன்னதைத் தோழிகிட்டப் பக்குவமா கேட்டேன், அவங்களும் பி12 எடுக்கறாங்களாம், குழந்தைக்கும் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் குடுத்திருக்காராம். விருந்துக்குப் பேரீச்சை டப்பா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், அது சரியா இருக்குமா?

ஹைஃபா_கார்த்தி:

முத்திரை போட்டு சீல் பண்ண டப்பாவா இருந்தா தாராளமா. அவங்க ஒவ்வொண்ணையும் பிளந்து உள்ளே பூச்சி இருக்கான்னு பாத்துட்டுத்தான் வைப்பாங்க, உங்க மேல சந்தேகம்னு எடுத்துக்காதீங்க. பூ குடுக்கறதா இருந்தா மெழுகுவத்தி ஏத்தறதுக்கு முன்னாடியே போய்ச் சேரணும், ஷபாத் ஆரம்பிச்சப்புறம் புதுசா தண்ணியில வச்சு அடுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி நேரம் ஒவ்வொரு வாரமும் மாறும், அவங்ககிட்டயே கேட்டுக்கிட்டு அதுக்கு அரைமணி முன்னாடி போயிடுங்க, போனை சைலன்ட்ல போட்டு பைக்குள்ள வச்சுடுங்க.